அக்கா இல்லாமல் போன பாட்டு

என் வீட்டுக்காரர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வேண்டிய மட்டும் போஸ்டரில் அடித்தாகிவிட்டது. அவற்றில் சிலவற்றுக்கு நானே புரூஃப் பார்த்திருக்கிறேன். என் அக்காவின் பெயரையும் எழுதவில்லை. எந்தப் போஸ்டரிலும் வராத பெயர் இதில் மட்டும் வந்து என்ன ஆகப்போகிறது?

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. எங்கள் வீடு திருத்தங்கலில். அம்மாவும் அக்காவும் வீட்டிலேயே வெடிக்குக் காகிதக் குழல் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவள் என்பதால் ஓர் அச்சாபீசில் புரூஃப் பார்க்க எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு விருதுநகர் ஸ்டேஷனில், பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை. ரயில்வே உத்தியோகம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கிதாரைப் பற்றித் தெரிந்திருக்கும்.

விருதுநகர் வீட்டில் ஒரே கட்டில். அதில் கிதார் படுத்திருந்தது. நாங்கள் பாயில் படுத்தோம்.

அது ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, ரயில் கார்டுடைய கிதார். அவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது, கொண்டுபோக முடியாத சாமான்களோடு அதையும், ஒரு கிராமபோன் பெட்டியையும், சில இசைத்தட்டுகளையும் இவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தத் தட்டுகளில் ஓர் ஆள் தனியாகப் பாடுவான். கூட ஒரு கிதார், வேறு வாத்தியம் கிடையாது. ஒரு வரியைப் பாடுவான். அதே வரியை இன்னொரு தடவை பாடுவான். மூன்றாவதாக வேறொரு வரி பாடி முடிப்பான். இவர் ஆபீசிலிருந்து வந்ததும் அதைப் போட்டுப் போட்டுக் கேட்பார். கேட்டதை அப்படியே பாடுவார். இங்கிலீஷ் சொல் ஒன்றும் பிடிபடாததால் வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சத்தத்தை மட்டும் பிடிப்பார். எதிரே மிளகாய்க் குடோன். மூட்டை இறக்கும் ஆட்கள் நின்று, "என்ன சார், பல்லு வலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

"இது ப்ளூஸ்" என்றார் என்னிடம். "அமெரிக்காவுல பருத்திக்காட்டுல வேல பாத்த கறுப்புச் சனங்க பாட்டு. எல்லாம் நம்ம கரிசக்காடு மாதிரிதான். சாதாரணப் பாட்டு இல்ல, பாத்துக்கோ."

"நான் பருத்தி எடுத்திருக்கேன். நீங்க எடுத்திருக்கீகளா?"

"அதுக்கில்ல…"

"வெரல் முச்சூடும் பருத்திக்காய் ஓடு குத்தும். பாட்டு வராது, தாகந்தான் வரும்."

அவர் சிரித்தார். அப்போது சிரிக்கத் தெரிந்தவராக இருந்தார்.

ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தப் பாட்டை விட்டுவிட்டார். கேட்க ஆள் இல்லாததை எத்தனை நாள் பாடுவது? கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடும் ஒரு கோஷ்டியில் சேர்ந்தார். அருப்புக்கோட்டை, சாத்தூர் என்று போவார்கள். ஹார்மோனியக்காரர்தான் அங்கே ராஜா. இவரை மேடையின் ஓரத்தில், மாலை போட்ட நாற்காலிகளுக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். கிதாரை நறுக் நறுக்கென்று வெட்டி வெட்டித் தாளத்துக்கு அடிக்க வேண்டியது, அவ்வளவுதான். பாடவும் விடுவதில்லை. மிளகாய் நெடி பிடித்த தொண்டை அவருக்கு. சினிமாக் குரலுக்கு வேண்டிய வழவழப்பு அதில் இல்லை. ஒரு தடவை சாத்தூரில் பாட எழுந்தவரை, பெண் வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கிதாரைத் தொடவில்லை.

அவர் பாட்டைப் பாட்டாக மதித்தவள் என் அக்கா ஒருத்திதான். புருஷன் விட்டுவிட்டுப் போய், அம்மாவோடு இருந்தவள். பிறகு அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியுமுன் கம்பெனி லாரி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். விடுமுறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தால் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "தம்பி, அந்தக் கறுப்பன் பாட்டப் போடுங்க" என்பாள். "என்னத்தச் சொல்லுறான்னு தெரியல. ஆனா அவன் வீட்டுல என்னமோ நடந்துபோச்சு."

அவளுக்கு நடந்தது ஒரு கோடையில். வெயில் உச்சிக்கு வந்த நேரம், வெடிமருந்து கலக்கும் ரூம் வெடித்தது. அங்கே மூன்று பெண்கள் இருந்திருக்கிறார்கள். "பாத்திரத்தத் தூக்கி வச்சிருக்கணும், தரையில இழுத்திருக்கு அந்தப் பிள்ள, உரசிப் பத்திக்கிருச்சு" என்று கம்பெனி ஆள் எங்கள் வாசலில் நின்று சொன்னான். செத்தவள் திரும்பி வந்து இல்லையென்று சொல்லப் போகிறாளா? யார் இழுத்தது, எந்தப் பாத்திரம் என்று கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. முகத்தைக் காட்டாமல் சுற்றிக் கொடுத்தார்கள். சேலையின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. அதை வைத்துத்தான் அம்மா அடையாளம் சொன்னாள்.

அம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கட்டிப்பிடித்து அழ வந்த பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதற்கு முன் ஒப்பாரி பாடியதே இல்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

விடிய முன்ன போனவளே, வெள்ளிக்கிழம சேல கட்டி
விடிய முன்ன போனவளே, வெள்ளிக்கிழம சேல கட்டி
வெந்த சேல வந்திருச்சே, நீ எப்ப வருவ எங்கக்கா?

ஆண்கள் தெருவில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். இவரும் அவர்களோடு நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் கேட்டிருக்கிறார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அடுப்படியில் இருக்கும்போது முன்னறையில் யாரோ அழுகிற சத்தம். ஓடிவந்து பார்த்தேன். கிதாரை மடியில் படுக்கப் போட்டிருந்தார். இடது கையில் ஒரு குட்டையான இரும்புத் தண்டு. அம்மா குழல் உருட்டுவாளே, காகிதத்தைச் சுற்றி, அந்தத் தண்டு. அதைக் கம்பிகளின் மேல் வைத்து இழுத்தார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போனது. என் குரல் எங்கெங்கே உடைந்ததோ அங்கெல்லாம் அதுவும் உடைந்தது. அவள் பெயரைச் சொல்ல வந்து சொல்ல முடியாமல் நான் மூச்சை இழுத்த இடம்கூட அதில் இருந்தது.

"இது என் அழுகைங்க" என்றேன். "ஒங்களுக்கு யாரு குடுத்தா?"

அவர் தண்டை எடுக்கவில்லை. "பாட்டுக்கு என்ன பட்டாவா இருக்கு? காதுல விழுந்துச்சு. இத்தன வருசமா அந்தத் தட்டுல நான் தேடுனது இங்கன இருந்திருக்கு. நீ பாடு, நான் வாசிக்கிறேன்."

பாடினேன். அதை மறைப்பதற்கில்லை. அந்த மழைக்காலம் முழுக்க, அவர் ஆபீஸ் விட்டு வந்த பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து பாடினோம். நான் சொன்ன சொல்லை அவர் அடுக்குவார், அவர் இழுத்த இழுப்புக்கு நான் இன்னொரு சொல் சொல்வேன். லாரியைப் பற்றி, குடிக்கத் தண்ணீர் வைக்காத கம்பெனிகளைப் பற்றி, நகத்திலிருந்து போகாத அலுமினியப் பொடியைப் பற்றி. ஒரு வரி இரண்டு தடவை, மூன்றாவது வரி பதில். வாயைக் கோணுவதை விட்டுவிட்டார். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, அம்புட்டு, எம்புட்டு என்றே பாடினார். கல்யாண வீட்டுக்காரர் பிடித்து உட்கார வைத்த அதே கரகரத்த குரல் இந்தப் பாட்டுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் கல்யாண வாழ்க்கையில் நல்லது என்று சொல்ல அந்த ஒரு மழைக்காலம் இருக்கிறது. அதற்கு அக்கா சாக வேண்டியிருந்தது.

மேடையில் அவர் தனியாகத்தான் பாடினார். பொம்பளை மேடையேறிப் பாடுவதா என்று அவர் அம்மா கேட்டாள். அவர் கிதாரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் சாத்தூரில், பட்டாசுத் தொழிலாளிகள் கூட்டம் ஒன்றில் பாடினார். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முதல் வரி முடியும்போதே பெண்கள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது வரி வந்ததும் ஒருத்தி எழுந்து நின்று, "ஏ அக்கா!" என்று கத்தினாள். யாருடைய அக்காவோ. கூட்டம் முடிந்து ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "நீங்களா கட்டுனீக?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சிவகாசிப் பக்கம் கம்பெனிக்காரர்கள் காதுக்கு அது போயிற்று. யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடுவது நின்றுபோனது. கோஷ்டியில் ஹார்மோனியக்காரர், "கொஞ்ச நாளைக்கு வேண்டாம் தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் தேர்தல் வந்தது.

ஒரு கட்சிக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். பாட்டு எங்களுக்கு வேண்டும், ஆனால் இம்புட்டு மெதுவாக இழுத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்றார்கள். அவர் வேகத்தைக் கூட்டினார். தண்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பழையபடி நறுக் நறுக்கென்று வெட்டி அடித்தார், கூட்டம் கைதட்ட வசதியாக. மூன்றாவது வரியையும் மாற்றினார். "நல்ல காலம் எப்ப வரும் எங்கய்யா?" என்று ஆக்கினார்.

"அக்கா எங்க?" என்று கேட்டேன்.

"அக்கான்னா அது ஒரு வீட்டுப் பாட்டு. அய்யான்னா ஊருக்கே பாட்டு."

"ஒரு வீட்டுலதான செத்தா?"

"ஒனக்கு மேடை தெரியாது. பேசாம இரு."

மேடை மேடையாகப் பாடினார். அவருக்கு மேடையில் நிற்கிற தோரணையே மாறியது. கண்ணை மூடிப் பாடுகிறவர், கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டிப் பாட ஆரம்பித்தார். அந்தக் கட்சி எங்கள் பக்கம் ஜெயித்தது. ஜெயித்தவருக்குப் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். ஜெயித்தவர் பக்கத்து நாற்காலியில், அக்கா வேலை பார்த்த அச்சங்குளம் கம்பெனி முதலாளி மாலையோடு உட்கார்ந்திருந்தார். இவர் அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நின்று பாடினார். முதலாளி தொடையில் தாளம் போட்டார். ரசித்துத்தான் போட்டார் என்று நினைக்கிறேன். அது யார் செத்த பாட்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேடையிலிருந்து இறங்கிய இவரை முதலாளி கூப்பிட்டு, தோளில் கை போட்டுப் பேசுவதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அதற்கப்புறம் மெட்ராஸ். ரயில்வே வேலையை விட்டுவிட்டார். இசைத்தட்டில் பாடப் போகிறேன் என்றார். "நீயும் வாறியா?" என்று கேட்டார், வரமாட்டேன் என்று நான் சொல்லவேண்டும் என்கிற குரலில். அம்மாவைக் காரணம் சொல்லி நான் திருத்தங்கலுக்கே திரும்பினேன். அச்சாபீசில் பழைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

மறு தீபாவளிக்கு முந்தின சீசன். அம்மா வாசலில் குழல் உருட்டிக்கொண்டிருந்தாள், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு வேன் வந்தது. மேலே ஒலிபெருக்கி, பக்கத்தில் மத்தாப்பு பிடித்த பெண் படம். அம்மாவின் கை நின்றது.

"ஏத்தா, இது நம்ம பாட்டுல்ல?"

நம் பாட்டுதான். அவர் குரல்தான். மடியில் போட்டு வாசிக்கிற கிதார்தான். ஆனால் பின்னால் மத்தளமும் புல்லாங்குழலும் துள்ளிக்கொண்டு போயின.

விடிய முன்ன வாங்கிடுங்க, வெள்ளிப்பூவு மத்தாப்பு
விடிய முன்ன வாங்கிடுங்க, வெள்ளிப்பூவு மத்தாப்பு
வீதியெல்லாம் வெளிச்சமுங்க, எப்ப வருவீங்க எங்க கடை?

அச்சங்குளம் கம்பெனியின் விளம்பரம். வேன் எங்கள் தெருமுனையில் நின்று திரும்பி இன்னொரு தடவை வந்தது. அம்மா சுற்றிய குழலைத் தண்டிலிருந்து உருவிப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அன்றைக்கு லோடு எடுக்க வந்தவன், "என்னம்மா, ஆர்டர் முடியலையா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான்.

தீபாவளிக்கு அவர் வந்தார். கம்பெனி கொடுத்த பட்டாசுப் பெட்டியைக் கையில் கொண்டுவந்தார். அதையாவது பஸ்சிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு அந்த வேன் பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"மெட்டு என்னோடது" என்றார். "சொல்லத்தான மாத்துனேன். ஒங்க சொல்லு ஒங்ககிட்டயே இருக்கு."

"மெட்டு ஒங்களோடதா?"

"கம்பியில கொண்டுவந்தது நான். அந்த இழுப்பு ஒனக்கு வருமா?"

"இழுக்குற தண்டு எங்கம்மாவோடது."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். பிறகு, கோபமில்லாமல், களைத்துப்போன ஆளாகச் சொன்னார்: "ஒரு பாட்ட அழுதுக்கிட்டே எத்தன வருசம் பாடச் சொல்லுற? இங்க இருந்தா பார்சல் ஆபீசுலயே சாகணும். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான், அத வாங்குறதுக்கு அவன் ஒருத்தன்தான் வந்தான்."

அது பொய்யில்லை. பட்டாசுப் பெட்டியைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். வாசலிலேயே உட்கார்ந்து வெடித்துத் தீர்த்தார்கள். அம்மா உள்ளே காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் சினிமா வாத்தியக்காரர்களோடு சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். படத்தில் கெட்டுப்போனவர்கள் ஆடுகிற இடத்தில் கிதார் வருமே, டிரிங் என்று, அதை அவர்தான் வாசிக்கிறார் என்று அச்சாபீஸ் கம்பாசிட்டர் சொன்னார். பாட அங்கேயும் விடவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் பழைய தட்டையே கம்பெனிக்காரர்கள் போட்டார்கள். திருத்தங்கலில், சிவகாசியில், விருதுநகர் பஜாரில் என்று ஆவணி பிறந்தால் எங்கே திரும்பினாலும் அந்தப் பாட்டுத்தான். பஸ்சில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரி முணுமுணுப்பாள். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

அறுபதுகளின் பின்பாதியில் அம்மா செத்துப்போனாள். தந்தி கொடுத்தோம், வந்தார். உடம்பு பெருத்திருந்தது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கிதாரையும் கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் கேட்டாள்: "தம்பி, மகளுக்குப் பாடுன பாட்டு. ஆத்தாளுக்கும் பாடுங்க. அவ கேட்டுக்கிட்டே போகட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் தலைமாட்டு விளக்கைத் தூண்டிவிட்டேன். கீழே உட்கார்ந்து கிதாரை மடியில் போட்டார். இரும்புத் தண்டை எடுத்து இழுத்தார். அந்த முதல் இழுப்பு நிஜமாகவே அந்த மழைக்காலத்து இழுப்பு. பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாடினார்.

"விடிய முன்ன வாங்கிடுங்க…"

நின்றார். வாயைத் திறந்தபடி நின்றார். சரியான சொல்லைத் தேடுகிறார் என்று தெரிந்தது. அது வரவில்லை. அதற்குள் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள், தெரிந்த பாட்டு வந்ததே என்ற சந்தோஷத்தில், "வெள்ளிப்பூவு மத்தாப்பு" என்று ஒரே குரலாகப் பாடிவிட்டார்கள். யாரோ ஒருத்தி ஒரு பிள்ளையின் முதுகில் அறைந்தாள். அது ஏன் என்று தெரியாமல் அழுதது.

எல்லாரும் இப்போது என்னைப் பார்த்தார்கள், முன்னே பார்த்த மாதிரியே. நான் பாடவில்லை. பாடியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். வாயைத் திறந்தால் எனக்கும் அந்த மத்தாப்பு வரிதான் வந்திருக்கும். வருஷக்கணக்காக அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பாட்டில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். "எனக்கு அது மறந்துபோச்சு" என்றார். "எம்புட்டு யோசிச்சும் வரல. நீயாவது சொல்லு, அந்த மூணாவது வரி."

"எதுக்கு? அதையும் வாங்க ஆள் வந்திருக்கா?"

அவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் நகரும் வரைக்கும் நான் சொல்லவில்லை. அதன் பிறகு அவரும் கேட்டு எழுதவில்லை.

ரெண்டொரு வருஷம் கழித்து, விருதுநகரில் அச்சாபீசுக்குக் காகிதம் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு பருப்புக் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. கிதார் தனியாக வந்தது. மத்தளம் இல்லை, பாட்டு இல்லை. மெதுவாக, மிகவும் மெதுவாக, ஒரு சுரத்தை இழுத்து, விட்டு, அதையே இன்னொரு தடவை இழுத்து. கையைப் பார்க்காமலே அவர் என்று தெரிந்துகொண்டேன். எங்கள் பாட்டு இல்லை, விளம்பரமும் இல்லை, அந்தக் கறுப்பு மனிதரின் தட்டும் இல்லை. சொல்லை நம்பிப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டவருடைய வாசிப்பு. அதுவரை அவர் வாசித்ததில் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது.

நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைக்காரர், "என்னம்மா, வேணுமா?" என்று கேட்டார். அரைப்படி துவரம்பருப்பு போடச் சொன்னேன். அவர் அளக்கும்போது பருப்பு விழுகிற சத்தத்தில் கடைசிப் பகுதி எனக்குக் கேட்கவில்லை. முடிந்ததும் ரேடியோவில் அவர் பெயரைச் சொன்னார்கள். சரியாக உச்சரித்தார்கள்.